அணையைத் திறக்கும்போது மீனையும் கணக்கில் சேர்ப்பது எப்படி? க்ளென் கேன்யன் அணையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணை நிலவரத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்க்கிறோம். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. அந்த நாலு எண்ணுக்குள் பாசனம், குடிநீர், மின்சாரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மீன் அடங்குவதில்லை. திறந்துவிட்ட தண்ணீர் எத்தனை டிகிரி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏற்றினார்கள், எவ்வளவு இறக்கினார்கள், அதோடு மணல் வந்ததா என்று எந்த நிலவரமும் சொல்வதில்லை. மீனின் பிழைப்பு முழுக்க அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விகளை முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டு, மதகைத் திறந்தும் மூடியுமே பதில் தேடிக்கொண்டிருக்கும் அணை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் க்ளென் கேன்யன் அணை. உயரம் 710 அடி. அதன் நீர்த்தேக்கத்துக்கு லேக் பவல் என்று பெயர். நிரம்பினால் சுமார் 1,000 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. என்றால், பத்து மேட்டூரை விடப் பெரியது. அணைக்குக் கீழே 15 மைலில் லீஸ் ஃபெர்ரி என்ற படகுத்துறை; அதைத் தாண்டினால் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு.

அங்கே செய்ததையும், செய்து தவறியதையும் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நீர்வளத் துறையில் இருப்பவர்கள், ஆற்றுக்காகக் குரல் கொடுப்பவர்கள், சூழலியல் படிக்கும் மாணவர்கள் மூவரையும் மனதில் வைத்திருக்கிறேன்.

படி 1: அணை இல்லாத காலத்து ஆற்றை எழுதி வையுங்கள்

எந்த ஆற்றைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரியாமல் மதகில் கை வைக்கக் கூடாது. லீஸ் ஃபெர்ரியில் 1921 முதல் நீரோட்டத்தை அளந்து வந்திருக்கிறார்கள். லேக் பவலில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது 1963-இல். ஆக, அணைக்கு முந்தைய நாற்பது வருஷக் கணக்கு கையில் இருக்கிறது. பெரிய கொடுப்பினை அது.

அந்தக் கணக்கு சொல்வது இது. மலைப்பனி உருகும் வைகாசி, ஆனி மாதங்களில் ஆறு பெருவெள்ளமாக வரும். மற்ற நாட்களில் இளைத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைநிலையைத் தொடும், கோடையில் 25 டிகிரியைத் தாண்டும். எப்போதும் கலங்கல், கொலராடோ என்ற ஸ்பானியப் பெயரே அந்தச் செந்நிறத்தால் வந்ததுதான். அணை வந்த பிறகு மூன்றும் தலைகீழாயின. வெள்ளம் நின்றது. அடியாழத்திலிருந்து எடுத்த தண்ணீர் வருஷம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்து, 10 டிகிரியைச் சுற்றியே நின்றது. மணல் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டிலேயே படிந்துவிட, கீழே கண்ணாடி போலத் தெளிந்த பச்சைத் தண்ணீர் ஓடியது.

தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் நமக்கு மகிழ்ச்சி. கலங்கலில் பிறந்து கலங்கலில் ஒளிந்து வாழ்ந்த மீனுக்கு அது வெட்டவெளி. கிராண்ட் கேன்யனில் எட்டு வகை நாட்டு மீன்கள் இருந்தன. ஆளுயரத்துக்கு வளரக்கூடிய கொலராடோ பைக்மின்னோ உட்பட மூன்று வகைகள் அங்கிருந்து மறைந்துவிட்டன.

உங்கள் ஆற்றுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். பழைய நீரளவைப் பதிவேடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கரையோரத்தில் வலை வீசிய பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மாதம் புதுவெள்ளம் வந்தது, அதோடு எந்த மீன் ஏறியது, எந்த மடு கோடையிலும் வற்றாது என்பதை அவர்களைப் போலச் சொல்ல வேறு யாருமில்லை.

படி 2: அணையின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

அணையில் எத்தனை வாய்கள், ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு விடலாம். இது தெரியாமல் போடும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

க்ளென் கேன்யனில் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. எட்டு டர்பைன்களுக்குப் போகும் குழாய்களின் வாய் 3,470 அடியில். அதற்கும் சுமார் 96 அடி கீழே, 3,374 அடியில், டர்பைனைத் தொடாமல் நேரே ஆற்றுக்குப் போகும் நாலு புறவழிக் குழாய்கள். நாலும் சேர்ந்து விநாடிக்கு 15,000 கன அடி விடும். இந்த மூன்று உயரங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படி 6-இல் கதையே இதை வைத்துத்தான்.

இன்னொன்று, அந்தக் குழாய்களின் ஆரோக்கியம். 2023 ஏப்ரலில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தபோது புறவழிக் குழாய்கள் வழியாகப் பெரிய அளவில் திறந்தார்கள். பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் உட்பூச்சு அரித்திருந்தது. மேலே தண்ணீரின் அழுத்தம் குறைவாக இருக்கும்போது வேகமாக விட்டால் குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் தோன்றி வெடித்து இரும்பையே கொத்தும். மீனுக்காக மதகைத் திறக்கச் சொல்பவர், மதகுக்கு ஆகும் சேதத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பொறியாளர்கள் அடுத்த முறை காது கொடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

படி 3: மீனின் நாள்காட்டியைப் போடுங்கள்

இங்கே முக்கியமான மீன் ஹம்ப்பேக் சப். சின்னத் தலை, தலைக்குப் பின்னால் காளையின் திமில் போலப் புடைத்த முதுகு, பென்சில் போல ஒடுங்கிய வால் தண்டு, அகன்ற துடுப்புகள். வெள்ளத்தில் நிலைகொள்வதற்கென்றே செதுக்கிய உடம்பு. கொலராடோ ஆற்றுப்படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. முப்பது வருஷம்கூட வாழும். 1967-இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

இது முட்டையிட 16 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும். அணைக்குக் கீழே அது கிடைக்காததால் லிட்டில் கொலராடோ என்ற துணையாற்றுக்குள் ஒதுங்கியது. ஊற்றுகளிலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீலத் தண்ணீர் அது. வசந்த காலத்தில் அங்கே முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் மழைவெள்ளத்தில் அடித்துக்கொண்டு பேராற்றுக்குள் வந்து விழும்போது திடீரென்று குளிர் தாக்கும், நீந்தத் திணறும். அங்கே வாயைத் திறந்துகொண்டு ட்ரவுட் மீன்கள்; வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட, குளிர்ந்த தண்ணீரில் செழிக்கும் வேட்டை மீன்கள் அவை. சொந்த ஆற்றுக்கே பிள்ளை அனுப்ப முடியாத நிலை.

நாள்காட்டி என்றால் இவ்வளவுதான்: எந்த மாதம் சினை, எந்த மாதம் முட்டை, எந்த மாதம் குஞ்சு, ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், எத்தனை டிகிரி, எவ்வளவு ஆழம், எவ்வளவு ஓட்டம். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு நிரப்புங்கள். பக்கத்திலேயே அணையின் வழக்கமான திறப்பையும் குறியுங்கள். இரண்டும் எங்கே மோதுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

நாள்காட்டியை மீனையே கேட்டுத் திருத்த வேண்டும் என்பதற்கு இதே ஆற்றுப்படுகையில் அழகான உதாரணம் இருக்கிறது. வடக்கே யூட்டாவில், கொலராடோவின் கிளையான கிரீன் ஆற்றில் ஃப்ளேமிங் கார்ஜ் அணை. அங்கே ரேஸர்பேக் சக்கர் என்ற மீனின் குஞ்சுகளுக்குக் கரையோர வெள்ளத்தாங்கல்கள்தான் தொட்டில். முன்பு, பக்கத்து யாம்பா ஆற்றின் வெள்ளம் உச்சம் தொடும் நேரம் பார்த்து அணையைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் முட்டைகள் இன்னும் பொரித்திருக்கவில்லை. தாங்கலுக்குத் தண்ணீர் போனது, குஞ்சு போகவில்லை. 2012 முதல் முறையை மாற்றினார்கள். ஆற்றில் விளக்குப் பொறி வைத்துக் காத்திருப்பார்கள், கண்ணுக்கு நூல் போலத் தெரியும் முதல் குஞ்சு விழுந்ததும் அணைக்குச் செய்தி போகும், வெள்ளம் வரும், குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டுபோய் தாங்கலில் சேர்க்கும். தண்ணீரின் அளவைப் பெரிதாக மாற்றவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார்கள்.

படி 4: அன்றாட ஏற்ற இறக்கத்தை அடக்குங்கள், பூச்சிக்கு விடுமுறை கொடுங்கள்

நீர்மின் நிலையங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரத்துக்கு விலை அதிகமான நேரத்தில் முழுக்கத் திறப்பார்கள், நள்ளிரவில் சுருக்கிவிடுவார்கள். க்ளென் கேன்யனில் முன்பெல்லாம் ஒரே நாளில் 1,000 கன அடியிலிருந்து 30,000-ஐத் தாண்டி ஏற்றி மறுபடி இறக்குவார்கள். கரையோரத்தில் தண்ணீர் பத்தடிக்கு மேல் ஏறி இறங்கும். வேகமாக இறங்கினால் குஞ்சுகள் கல்லிடுக்கிலும் குட்டையிலும் மாட்டிக்கொண்டு வெயிலில் சாகும். கரை மணலும் ஈரத்தோடு சரிந்து போகும்.

1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழியே வந்த விதிகள் இன்று இப்படி நிற்கின்றன: காலை 7 முதல் இரவு 7 வரை 8,000 கன அடிக்குக் குறையக் கூடாது; இரவில் 5,000; சாதாரண நாளில் உச்சம் 25,000; ஏற்றுவது மணிக்கு 4,000-க்கு மிகாமல்; இறக்குவது மணிக்கு 2,500-க்கு மிகாமல். இறக்கும் வேகம் ஏற்றும் வேகத்தைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். உங்கள் அணைக்கு எண்கள் வேறாக இருக்கும், இந்த விகிதம் பெரும்பாலும் பொருந்தும்.

சரி, இதெல்லாம் செய்தும் மீன் தேறவில்லை என்றால்? சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். கிராண்ட் கேன்யனில் இல்லை. நல்ல ஆறு எதிலும் கிடைக்கும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற நீர்ப்பூச்சிகள் அங்கே கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தன. காரணத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆற்றில் படகுப் பயணம் கூட்டிப்போகும் வழிகாட்டிகளிடம் ஆளுக்கொரு எளிய பொறியைக் கொடுத்தார்கள்: ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கு, கொஞ்சம் சாராயக் கரைசல். முகாம் போடும் இடத்தில், பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு பூச்சிகளைக் குப்பியில் ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான குப்பிகள் சேர்ந்தன.

அதில் தெரிந்தது இதுதான். பல நீர்ப்பூச்சிகள் அந்திநேரத்தில் தண்ணீர் விளிம்பை ஒட்டிய கல்லில் முட்டை இடுகின்றன. அந்த நேரத்தில் ஆறு ஏறியிருந்தால், முட்டை உயரத்தில் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் தண்ணீர் கீழே போய்விடும். பாலைவனக் காற்றில் முட்டை பொருக்காகக் காய்ந்துவிடும். ஏற்ற இறக்கம் உள்ள எந்த ஆற்றிலும் இதை நீங்களே பார்க்கலாம். தண்ணீர் இறங்கிய பிறகு, ஈரக்கோட்டுக்கு ஒரு சாண் மேலே உள்ள கல்லைப் புரட்டி, அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். காய்ந்த கோந்து போல உதிர்கிறதா என்று பாருங்கள்.

மருந்து எளிமையானது. 2018 முதல் சில வருடங்கள், மே முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளில் ஆற்றைத் தாழ்வாகவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் விட்டார்கள். அந்த இரண்டு நாளில் இடும் முட்டை தாழ்ந்த விளிம்பில் இருக்கும். வார நாட்களில் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. வார இறுதியில் மின்தேவை குறைவு என்பதால் மின்வாரியத்துக்கும் பெரிய வலி இல்லை. முதல் வருஷமே பொறிகளில் கேடிஸ் என்ற நீர்ப்பூச்சிகள் கூடின. எனக்குத் தெரிந்த அணை நிர்வாக முறைகளிலேயே குறைந்த செலவில் அதிகம் யோசித்துச் செய்தது இதுதான் என்பேன்.

படி 5: மணல் வந்த பிறகு வெள்ளம் விடுங்கள்

வெள்ளம் மணலைக் கரையில் தூக்கிப் போடும். அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாகும். குஞ்சுகள் அங்கே ஒதுங்கும். இதை எண்ணித்தான் 1996 மார்ச் கடைசியில் ஏழு நாட்கள் 45,000 கன அடி விட்டார்கள். ஆற்றுக்காக வேண்டுமென்றே விட்ட வெள்ளம் என்று உலகமே பார்த்தது. திட்டுகள் உயர்ந்தன. ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி பழைய திட்டுகளின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்தது. புதிதாக ஆற்றுக்குள் மணல் வராத நேரத்தில் வெள்ளம் விட்டால், வீட்டுச் சுவரை இடித்து மாடி கட்டுவது போலத்தான்.

அந்தத் தவறிலிருந்து வந்த விதி இது: முதலில் வரவைப் பாருங்கள், பிறகு செலவு செய்யுங்கள். லீஸ் ஃபெர்ரியை ஒட்டி வந்து சேரும் பாரியா என்ற சிற்றாறுதான் மேல்பகுதிக்கு மணல் கொண்டு வருவது, அதுவும் கோடை முடிவின் இடிமழையில். ஆற்றுக்குள் கருவிகள் வைத்து அந்த மணலை அளக்கிறார்கள். போதுமான வரவு இருந்தால், அது கரைந்து போவதற்குள் நவம்பரில் குறுகிய வெள்ளம், நாலு நாளுக்கு மிகாமல். 2012-இல் இதை நடைமுறையாக்கினார்கள். 2012, 2013, 2014, 2016, 2018 என்று திறந்தார்கள். வரவு போதாத வருடங்களில் திறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2008 மார்ச்சில் விட்ட வெள்ளம் கூழாங்கற்களைக் கழுவிச் சுத்தமாக்கியது. அந்த வருஷம் ட்ரவுட் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. மணலுக்கு நல்லது, சப் மீனுக்குக் கெட்டது. ஒவ்வொரு திறப்புக்கும் முன்னால் "இதனால் வேறு யார் பிழைப்பார்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

படி 6: எந்த ஆழத்துத் தண்ணீர் என்பதை முடிவு செய்யுங்கள்

இதுதான் கஷ்டமான படி. மேலும் கீழும் மாற்றி எடுக்கக்கூடிய உறிஞ்சுவாய் இருந்தால் வேலை சுலபம். ஃப்ளேமிங் கார்ஜில் 1978 முதலும், கலிபோர்னியாவின் சாஸ்டா அணையில் 1997 முதலும் அப்படிப்பட்ட அமைப்பு இருக்கிறது. க்ளென் கேன்யனில் இல்லை. எடுக்கும் இடம் நிலையானது, மேலே இருக்கும் நீர்மட்டம்தான் மாறுகிறது.

வறட்சியில் லேக் பவல் இறங்க இறங்க, மேல்மட்ட வெதுவெதுப்பான தண்ணீர் டர்பைன் வாயை நெருங்கியது. முதலில் அது நல்லதாகவே தெரிந்தது. கிராண்ட் கேன்யனின் மேற்குப் பகுதியில் ஹம்ப்பேக் சப் பெருகியது. 2021-இல் அதன் நிலை ஒரு படி மேம்பட்டதாக, அழியும் நிலையிலிருந்து அச்சுறுத்தல் நிலைக்கு மாற்றி அறிவித்தார்கள்.

2023-இன் தொடக்கத்தில் நீர்மட்டம் 3,520 அடி அளவுக்கு வந்தது. அதாவது டர்பைன் வாய்க்கு மேலே வெறும் ஐம்பது அடித் தண்ணீர். அதற்கு முந்தைய வருஷமே ஆபத்து வந்துவிட்டது. நீர்த்தேக்கத்தின் மேல்மட்டத்தில் வாழும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன் டர்பைனுக்குள் புகுந்து உயிரோடு மறுபக்கம் வந்தது. அணைக்கு மூன்று மைல் கீழே, வெதுவெதுப்பான ஒரு பக்கத் தேக்கத்தில் குஞ்சு பொரித்தும் விட்டது. வலை கட்டி மறித்தார்கள், மீன்கொல்லி மருந்து போட்டார்கள். ஆனால் ஆறே வெதுவெதுப்பானால் எத்தனை இடத்தை மறிக்க முடியும்?

சிக்கல் புரிகிறதா? சப் மீனுக்கு வேண்டியதும் 16 டிகிரிதான், பாஸ் மீனுக்கு வேண்டியதும் 16 டிகிரிதான். முன்னதுக்குக் கதவைத் திறந்தால் பின்னதும் உள்ளே வரும். சப் மீனுக்குத் துணையாறு என்ற வேறு இடம் இருக்கிறது, பாஸ் ஒருமுறை பரவினால் திரும்ப எடுக்க வழியே இல்லை. எனவே 2024 ஜூலை முதல் நவம்பர் வரை, 96 அடி கீழே இருந்த அந்தப் புறவழிக் குழாய்களைத் திறந்து குளிர்ந்த தண்ணீரைக் கலந்தார்கள். லிட்டில் கொலராடோ வந்து சேரும் இடம் வரை 15.5 டிகிரிக்குக் கீழே வைப்பது இலக்கு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்த ஆண்டு பாஸ் பெருகியதற்கான தடயம் கிடைக்கவில்லை. புறவழியில் போன ஒவ்வொரு கன அடியும் மின்சாரம் தராமல் போனது, அந்த இழப்பு சின்னதில்லை. நான் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அடுத்த வருஷம் வாங்க முடிகிற மின்சாரமும், இனி எந்த விலைக்கும் வாங்க முடியாத மீனும் ஒரே தராசில் ஏறாது.

படி 7: மேசையில் யாரெல்லாம் உட்கார வேண்டும்

க்ளென் கேன்யனில் 1997 முதல் ஆலோசனைக் குழு உண்டு. ஏறக்குறைய 25 தரப்பினர். மாநிலங்கள், மின்சாரம் வாங்குபவர்கள், படகு நடத்துபவர்கள், தூண்டில்காரர்கள், சூழல் அமைப்புகள், பழங்குடிகள். கூட்டம் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். 2003 முதல் 2006 வரை லிட்டில் கொலராடோ சங்கமத்தின் அருகே ட்ரவுட் மீன்களை மின்பாய்ச்சிப் பிடித்துக் கொன்றார்கள். அறிவியல் கணக்கில் அது சரி. ஆனால் அந்தச் சங்கமம் ஹோபி, சூனி பழங்குடி மக்களுக்குப் புனிதத் தலம். உயிர் தோன்றிய இடத்தில் உயிர்களைக் கொன்று குவிப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். அதன் பிறகுதான் உயிரோடு பிடித்து அகற்றும் வழிகள் திட்டத்துக்குள் வந்தன. முன்பே கேட்டிருந்தால் அந்த வேதனை நேர்ந்திருக்காது.

படி 8: நம் ஆற்றில் தொடங்குவதானால்

காவிரிக்கும் திமில் முதுகு மீன் ஒன்று உண்டு. ஹம்ப்பேக் மஹ்சீர். ஆறு முழுக்க இருந்த அந்த இனம் இன்று மோயாறு போன்ற சில இடங்களில் ஒடுங்கியிருக்கிறது. 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலில் ஏறியது. அதற்கு எந்த மதகில், எந்த மாதம், எத்தனை டிகிரியில் தண்ணீர் வேண்டும் என்று எழுதிய தாள் நமக்கு வேண்டும்.

அந்தத் தாளுக்குப் பெரிய நிதி தேவையில்லை. உங்கள் பக்கத்து அணைக்குக் கீழே ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையிலும் அந்தியிலும் தண்ணீரின் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். ஒரு கல்லில் பெயின்டால் கோடு போட்டு, தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறி இறங்கியது, எவ்வளவு நேரத்தில் என்று குறியுங்கள். திறப்பைக் குறைத்த மறுநாள் காலை கரையோரக் குட்டைகளை நடந்து பார்த்து, மாட்டிய குஞ்சுகளை எண்ணுங்கள், படம் எடுங்கள். பக்கத்திலேயே அன்றைய அணை நிலவரத்தின் கன அடியையும் எழுதுங்கள். ஒரு வருஷம் விடாமல் எழுதினால், எந்தத் திறப்பு குஞ்சைக் கொல்கிறது என்று தேதியோடு காட்ட முடியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பார்க்கப் போங்கள். முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இறக்கும் வேகத்தைப் பாதியாக்க முடியுமா?